பழைய சினிமா மெஷினை யாருக்குக் கொடுப்பது? இரும்புக் கடை, லென்ஸ் தேடுகிறவர், கல்லூரி: ஓர் ஒப்பீடு

எங்கள் பெரியப்பாவின் தியேட்டர் கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தது. கட்டடத்தைக் கல்யாண மண்டபமாக மாற்றலாம் என்று முடிவான பிறகுதான் மாடியில் பூட்டிக் கிடந்த கேபினை, அதாவது படம் ஓட்டும் அறையைத் திறந்தோம். 35 எம்.எம். மெஷின் (ஃபிலிம் புரொஜெக்டர்) இரண்டு, அதன் விளக்குக்கு நேர் மின்சாரம் தரும் ரெக்டிஃபையர் இரண்டு, ஒரு லென்ஸ் பெட்டி, வால்வு ஆம்ப்ளிஃபையர், ரீவைண்டர், ஸ்பூல்கள், விளக்கில் எரிக்கும் கார்பன் குச்சிப் பெட்டி, பாதி தீர்ந்தது. “எல்லாத்தையும் ஒட்டுக்கா ஒருத்தருக்கே குடுத்துரு கண்ணு, வந்த வெலை வரட்டும்” என்றார் பெரியப்பா. நான்கு மாதம் அலைந்த பிறகு நான் கண்டது இதற்கு நேர் எதிர். ஒட்டுக்காகக் கொடுத்தால் எல்லாமே இரும்பு விலைக்குத்தான் போகும். கேபினில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஆள் வேறு, ஊர் வேறு.

முன்பு இந்தக் கேள்வியே எழவில்லை. ஒரு தியேட்டர் மூடினால் அதன் மெஷினை இன்னொரு தியேட்டரோ டூரிங் டாக்கீஸோ வாங்கிக்கொள்ளும். ஓட்டுவதற்கு இல்லாவிட்டாலும் உதிரிபாகத்துக்காவது எடுப்பார்கள். கியூப், யூஎஃப்ஓ என்ற டிஜிட்டல் திரையிடல் நிறுவனங்கள் ஊர் ஊராக வந்து சேர்ந்ததும் ஃபிலிம் பெட்டி வருவது நின்றது. 2013இல் ஃபியூஜி நிறுவனம் படப்பிடிப்புக்கும் தியேட்டருக்குமான சினிமா ஃபிலிம் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. மெஷினை மெஷினாகவே வாங்கிய ஆள் அதோடு சந்தையை விட்டுப் போய்விட்டார்.

மிச்சமிருப்பவர்களில் முதலில் வந்து நிற்பவர் பழைய இரும்புக்காரர். கோவை உக்கடத்திலிருந்து ஒருவரும் ஈரோட்டிலிருந்து ஒருவரும் வந்தார்கள். இவர்களைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சொன்ன நாளில் ஆளும் வண்டியும் கொண்டுவந்து, குறுகிய மாடிப்படியில் கனத்தை இறக்கி, கையில் காசு கொடுத்துவிட்டுப் போவார்கள். மற்ற எவரும் இதைச் செய்வதில்லை. மெஷினின் பீடமும் உடம்பும் பெரும்பாலும் வார்ப்பு இரும்பு. கோவையைச் சுற்றி ஃபவுண்டரிகள் இருப்பதால் அதற்கு இங்கே எப்போதும் கிராக்கி உண்டு. ஆனால் “கிலோ இவ்வளவு” என்று ஒரே விலை பேசினால் சம்மதிக்காதீர்கள். ரெக்டிஃபையர் டிரான்ஸ்பார்மரிலும் மோட்டாரிலும் இருப்பது செம்பு. ஒரு கிலோ செம்புக்குக் கிடைப்பது இரும்பைவிடப் பல மடங்கு. அலுமினியமும் பித்தளையும் தனித்தனி. பிரித்து வைத்து, நீங்கள் சொல்லும் எடைமேடையில் போட்டுக் கொடுங்கள்.

பிரிக்கும்போது மூன்று இடத்தில் கவனம் வேண்டும். மிகப் பழைய கேபின்களில் நீல ஒளி விட்டு எரியும் கண்ணாடிக் குடுவை ரெக்டிஃபையர் இருக்கும். அதற்குள் இருப்பது பாதரசம். விளக்குக் கூண்டைச் சுற்றியுள்ள வெள்ளை நார் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். கார்பன் குச்சிக்குப் பதிலாகப் பின்னாளில் வந்த செனான் பல்பு அணைந்து குளிர்ந்து கிடந்தாலும் உள்ளே அழுத்தம் அதிகம், தட்டுப்பட்டால் வெடிக்கும். முகக் கவசமும் தடித்த கையுறையும் இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

சினிமா ஆர்ட் டைரக்டர் ஆட்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோபியும் பொள்ளாச்சியும் ஷூட்டிங் ஊர்கள் என்பதால் அவர்கள் வாங்குவார்கள் என்று நம்பினேன். அவர்கள் வாடகைக்கே கேட்டார்கள், அதுவும் இரண்டு நாளுக்கு. சென்னைக்கு ஏற்றி இறக்கும் செலவைக் கூட்டினால் கட்டுப்படியாகவில்லை.

காபி கடை, ரிசார்ட், புது வீடு என்று அலங்காரத்துக்குக் கேட்பவர்கள் அடுத்த வகை. இரும்புக் கடையைவிட நிச்சயமாக நல்ல விலை கொடுக்கிறார்கள். கேட்பது ஒரே ஒரு மெஷின்தான். மேலும் கீழும் வட்டமாக ஸ்பூல் பெட்டி, பின்னால் பெரிய விளக்குக் கூண்டு, எல்லாம் பார்வைக்கு எடுப்பாக இருக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்பது அவர்களுக்கு வேண்டியதில்லை. தங்க நிறப் பெயிண்ட் அடித்து, கூண்டுக்குள் எல்இடி வைத்துவிடுவார்கள். எங்கள் பழைய ஆபரேட்டர் அண்ணன் இதைக் கேட்டதும் சொன்னது: “பெயிண்ட் கூடப் பரவால்லீங்க தம்பி. ஆயில மட்டும் வடிச்சுராதீங்க. குறுக்கு இறுகிப் போச்சுன்னா அப்பறம் அது வெறும் பொம்மைங்க.”

அவர் ‘குறுக்கு’ என்றது மால்டீஸ் கிராஸைத்தான். நான்கு பிளவு கொண்ட அந்தச் சின்ன இரும்புச் சிலுவை எண்ணெய்க்குள் சுழன்று, பதினாறு பல் உள்ள சக்கரத்தைக் கால் சுற்று திருப்பி நிறுத்தும். கால் சுற்றுக்கு நான்கு பல், நான்கு பல்லுக்கு ஒரு ஃபிரேம். இப்படி நொடிக்கு 24 முறை நிறுத்தி நிறுத்தி இழுப்பதால்தான் படம் திரையில் குழம்பாமல் நிற்கிறது. அந்த ஒரு பாகத்துக்காகத்தான் நான் அலங்காரக்காரர்களுக்குத் தயங்கினேன். மோட்டார் இல்லாமல் கையால் குமிழைத் திருப்பிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போய் டக்கென்று நின்றால் மெஷினுக்கு உயிர் இருக்கிறது. அப்படிப்பட்டதைப் பொம்மையாக்க விடாதீர்கள். ஏற்கெனவே துருப்பிடித்து இறுகியிருந்தால் காபி கடைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

இனி உண்மையான பணம் எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். லென்ஸ் பெட்டியில். ஸ்கோப் எனும் அகலத்திரைப் படங்கள் ஃபிலிமில் அகலவாட்டில் பாதியாக நெருக்கிப் பதிவாகியிருக்கும். அதைத் திரையில் இரு மடங்காக விரிப்பது ஸ்கோப் லென்ஸ். 1953இல் சினிமாஸ்கோப் வந்தது; அதற்குப் பிறகு மெல்ல மெல்லப் பல கேபின்களுக்கும் இது வந்து சேர்ந்தது. இன்றைக்கு டிஜிட்டல் கேமராவில் குறும்படம் எடுக்கும் பையன்கள் இதை முன்னால் மாட்டிப் படம் பிடிக்கிறார்கள். விளக்கு வெளிச்சம் நீளக் கோடாக ஓடுவதும், பின்னணிப் புள்ளிகள் முட்டை வடிவில் மங்குவதும் அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. கோவா, இஸ்கோ, சாங்கோர் என்ற பெயர் பொறித்திருந்தால் உலகம் முழுக்க ஆள் இருக்கிறார்கள். கையடக்கமான இந்தக் கண்ணாடி, ஆள் உயர மெஷினைவிட அதிகம் கொண்டுவரலாம். இரும்புக்காரர் “அந்த டப்பாவையும் சேத்துக்கறனுங்க” என்று ஏன் அவ்வளவு இயல்பாகச் சொன்னார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

விற்கும் முன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை. அதை மறைக்காமல் படம் எடுத்து அனுப்புங்கள். துணியால் அழுத்தித் துடைத்துக் கோட்டிங்கைக் கெடுத்துவிடாதீர்கள். ஸ்கோப் அல்லாத சாதாரண லென்ஸுக்கு இந்த மவுசு கிடையாது.

ஆம்ப்ளிஃபையரும் திரைக்குப் பின்னால் இருந்த ஹார்ன் ஸ்பீக்கரும் அடுத்த நல்ல சரக்கு. வெஸ்ட்ரெக்ஸ், ஆர்சிஏ, ஆல்டெக் போன்ற பெயர்களைத் தேடி வாங்கும் ஆடியோ பிரியர்கள் நம் நாட்டிலும் ஜப்பானிலும் கொரியாவிலும் இருக்கிறார்கள். வால்வுகளைக் கழற்றித் தனித்தனியே விற்றால் மொத்த விலை குறையும், செட்டாகவே வையுங்கள். பல வருஷம் கிடந்த ஆம்ப்ளிஃபையரை “ஓடுதான்னு பாக்கலாம்” என்று நேராக மின்சாரத்தில் செருகவும் வேண்டாம். பழைய கண்டென்சர் போனால் டிரான்ஸ்பார்மரும் கூடவே போகும். வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் ஒரு சட்டம் நினைவிருக்கட்டும். நூறு வயது தாண்டிய பொருள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், தனியார் அதை ஏற்றுமதி செய்யக் கூடாது. நம் கேபின் சாமான்களில் பெரும்பாலானவை அந்த வயதை எட்டாதவை.

ஆவணக் காப்பகங்களையும் யோசித்தேன். புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் 1964 முதல் இருக்கிறது. மும்பையில் 2019இல் இந்திய சினிமா அருங்காட்சியகம் திறந்தார்கள். ஆனால் தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்ற பழமொழி அருங்காட்சியகங்களுக்குப் பொருந்தாது. பத்து மெஷின் இருக்கும் இடத்தில் பதினோராவது எதற்கு என்றுதான் பார்ப்பார்கள், அது நியாயமும்கூட. அவர்கள் கண்ணில் படுவது பில், லைசென்ஸ், ஆபரேட்டரின் குறிப்பு நோட்டு போன்ற காகிதங்களும், மிஞ்சிய ஃபிலிம் ரீல்களும். ரீல் இருந்தால், ஃபிலிமிலிருந்து வெள்ளி பிரித்தெடுப்பவருக்கு எடை போட்டுவிடாதீர்கள். காடி (வினிகர்) வாசம் வந்தால் ஃபிலிம் அழியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், காப்பகத்துக்கு உடனே எழுதுங்கள்.

டிஜிட்டல் சாமான்கள் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பல தியேட்டர்களில் அவை வாடகை ஒப்பந்தத்தில் வந்தவை. உங்களுடையதா என்று முதலில் காகிதத்தைப் பாருங்கள். உங்களுடையதே என்றாலும், கழித்துவிடுவதானால் பதிவு பெற்ற மின்கழிவு நிறுவனத்திடம்தான் போக வேண்டும்.

கடைசியில் நாங்கள் செய்தது இது. ஸ்கோப் லென்ஸ் கோவையில் ஒளிப்பதிவு செய்யும் ஒரு தம்பிக்கு, ஆம்ப்ளிஃபையர் திருப்பூரில் ஒரு பாட்டுப் பிரியருக்கு, ரெக்டிஃபையரும் மோட்டாரும் பிரித்து எடைக்கு. மெஷின் இரண்டையும் ஜோடியாகவே பக்கத்துக் கல்லூரியின் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) துறைக்குக் கொடுத்தோம். வந்தது வண்டிக் கூலிதான். ஆயிரம் அடி ரீல் பதினோரு நிமிடத்தில் தீர்ந்துவிடும், அதற்குள் அடுத்த மெஷின் தயாராக வேண்டும், அதனால்தான் இரண்டு. ஒன்றை மட்டும் வைத்தால் இதை எப்படி விளக்குவது?

இன்னொரு காரணமும் உண்டு. கோவைக்காரரான சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் திருச்சியில் டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடம் பழைய புரொஜெக்டரையும் ஃபிலிம்களையும் வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். கொங்கு நாட்டுக்கு சினிமா இப்படி ஒரு பழைய மெஷின் கைமாறித்தான் வந்தது. அதனால் எங்கள் மெஷின் இந்த வட்டாரத்திலேயே இருக்கட்டும் என்று பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

வர்ணம் மாற்றக் கூடாது, பாகம் பிரிக்கக் கூடாது, வேண்டாமென்றால் எங்களுக்கே சொல்ல வேண்டும் என்று மூன்று வரி எழுதிக் கையெழுத்து வாங்கினோம். ஆபரேட்டர் அண்ணன் எண்ணெய் டப்பாவோடு வண்டியிலேயே ஏறிப் போனார். கல்லூரிப் பிள்ளைகள் சுற்றி நிற்க, ஒரு துண்டு ஃபிலிமை எடுத்து, கண்ணால் பார்க்காமலே மெஷினின் கேட்டில், லென்ஸுக்குப் பின்னால் ஃபிலிம் ஓடும் இடத்தில், கோத்துக் காட்டினார்.