டிராக்கர் வாங்கலாமா: ஏழு வருடமும் ஒரு திருகும்

ஸ்டார் டிராக்கர், அதாவது வானம் சுழலும் வேகத்துக்கே கேமராவையும் சுழற்றும் கருவி, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். என்னுடையது 2018-இலிருந்து என்னிடம் இருக்கிறது. மூன்றாவது முறையாகப் பழுது பார்த்து நேற்றுதான் வீட்டுக்கு வந்தது. மூன்று முறையும் ஒரே இடம்தான்: அடித்தளத்தில் சாய்வை இறுக்கிப் பிடிக்கும் திருகு.

மோட்டாரைக் குறை சொல்ல மாட்டேன். 135 மி.மீ. லென்ஸில் ஒரு நிமிட எக்ஸ்போஷர் எத்தனை எடுத்தாலும் நட்சத்திரம் புள்ளியாகவே நிற்கும். ஆனால் நான் படம் எடுப்பது ஜவ்வாது மலையில், காவலூர் பக்கம். அங்கே துருவ நட்சத்திரம் தொடுவானத்துக்கு மேல் பன்னிரண்டரை டிகிரிதான். டிராக்கரின் சுழல் அச்சு அதை நோக்கித்தான் இருக்க வேண்டும்; அப்படி வைத்தால் டிராக்கர் கிட்டத்தட்டப் படுத்துவிடுகிறது. கேமரா எடை முழுவதும் முன்பக்கம் தொங்கி அந்த ஒற்றைத் திருகின் மேல் விழுகிறது. மண்ணில் படுத்து, டிராக்கரின் குறிபார்க்கும் குழாயில் கண்ணை வைத்து, துருவ நட்சத்திரத்தை இடத்துக்குக் கொண்டுவந்து இறுக்கினால், இறுக்கும்போதே அது நகர்ந்துவிடும்.

2018 டிசம்பர் 16 இரவை இன்னும் மறக்க முடியவில்லை. விர்டனன் வால்மீன் பூமியிலிருந்து 1.16 கோடி கி.மீ. தூரத்தில். அதன் பக்கத்திலேயே, சுமார் 440 ஒளியாண்டுக்கு அப்பால், நம் கார்த்திகை, ஆறாமீன். இரண்டும் ஒரே ஃபிரேமில் அடங்கும். பாதிக்கு மேல் வளர்ந்த நிலா மறையவே நள்ளிரவு தாண்டிவிட்டது. அப்புறம் கிடைத்த இருட்டில் முதல் நாற்பது நிமிடம், திருகு மெல்ல இறங்கியதில் போயிற்று. நட்சத்திரமெல்லாம் முட்டை வடிவம். வால்மீனோ மணிக்கு நிலா விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு நகர்ந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்தது.

சரி, மறுபடி படுத்து, மறுபடி இறுக்கி எடுத்ததில் இருபத்தைந்து படம் தேறியது. படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் டீப்ஸ்கைஸ்டேக்கர் மென்பொருளில் நட்சத்திரங்களைத் தனியாகவும் வால்மீனைத் தனியாகவும் அடுக்கிச் சேர்த்தேன். கண்ணுக்கு வெறும் சாம்பல் திட்டாகத் தெரிந்தது படத்தில் பச்சையாக எழுந்து வந்தது, நீலக் கார்த்திகைக்குப் பக்கத்தில். இரட்டைக் கார்பன் மூலக்கூறு தரும் பச்சை அது. கூடத்தில் மாட்டியிருக்கிறேன், தினமும் பார்க்கிறேன். டிராக்கர் இல்லாமல் அந்தப் படம் இல்லை.

ஆனாலும் நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். நம் அட்சரேகைக்காரர்கள் அந்த அடித்தளத்தோடு வாங்கவே கூடாது. இந்த முறை திருகை எஃகில் கடைந்து கொடுத்த லேத் பட்டறைக்காரர், பன்னிரண்டரை டிகிரியில் அசையாத இரும்பு அடித்தளம் ஒன்று வெட்டித் தர முடியும் என்கிறார். அளவு எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.