ஆப்ட்டா, ஃப்ளாட்பேக்கா: மூன்று கணினி, ஒரு ஸ்கேனர்

தங்கச்சிமடத்தில் எங்கள் ஜெராக்ஸ் கடையில் மூன்று கணினிகள், மூன்றிலும் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் நிவாரண மனு, படகுப் பதிவு நகல், ஆதார் ஸ்கேன் என்று கூட்டம் நிற்கும். அப்படி ஒரு நாளில்தான் ஸ்கேனர் காலை வாரியது. அதற்கப்புறம் மென்பொருள் ஏற்றுவதற்கு ஒரு கணினியில் ஃப்ளாட்பேக், மற்ற இரண்டில் டெபியனோடு வரும் ஆப்ட் என இரண்டு மாதம் ஓட்டிப் பார்த்தேன். இப்போது மூன்றிலும் ஆப்ட்தான்.

நடந்தது இதுதான். ஸ்கேனர் கம்பெனி டிரைவருக்காகத் தந்த டெப் கோப்பை (டெபியனுக்கான மென்பொருள் பொதி) டிபிகேஜி என்ற அடிப்படைக் கருவி மூலம் ஏற்றினேன். அதற்கு வேண்டிய லிப்டிஃப்5 என்ற நூலகம் (படக் கோப்புகளைக் கையாளும் பொது நிரல்) இல்லை என்று பாதியில் நின்றுவிட்டது. கொடுத்த கோப்பைப் பிரித்து அடுக்குவதோடு டிபிகேஜியின் வேலை முடிந்தது. குறைவதைத் தேடி எடுத்து வருவது ஆப்ட்டின் வேலை. சரி என்று ஆப்ட்டில் ஃபிக்ஸ்-ப்ரோக்கன் (குறையைச் சரிசெய்) கொடுத்தேன். அது ஸ்கேனர் பேக்கேஜையே கழற்றிப் போட்டுவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்றது. அதன் மேல் தப்பில்லை. டெபியன் 12 களஞ்சியத்தில், அதாவது ஆப்ட் மென்பொருளை எடுக்கும் இணையக் கிடங்கில், இருப்பது லிப்டிஃப்6. ஐந்தாம் எண்ணுக்கு அது எங்கே போகும்?

கீழக்கரையில் கணினிக் கடை வைத்திருக்கும் மச்சானுக்குப் போன் போட்டேன். “எதுக்கு மாப்ள இந்தப் பாடு? ஃப்ளாட்பேக் போட்டா வேண்டியதெல்லாம் அதுவே கொண்டாந்துரும்ல” என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஃப்ளாட்பேக் செயலி தனக்கு வேண்டிய நூலகங்களை ரன்டைம் என்ற பொதுக்கட்டாகவும், மிச்சத்தைத் தன்னோடும் கொண்டுவந்துவிடுகிறது. டெபியன் 12-ஆ 13-ஆ என்று அது பார்ப்பதில்லை. புது வெர்ஷனும் சீக்கிரம் கிடைக்கும். இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் ஊர் உப்புக் காற்றில் யுபிஎஸ் பேட்டரி முனைகள் பூத்துப் போய், கரண்ட் போன மறுநொடி கணினியும் போய்விடும். ஆப்ட்டில் ஒன்று ஏறிக்கொண்டிருக்கும்போது அப்படி ஆனால் டிபிகேஜி அரைகுறையாக நிற்கும். கன்ஃபிகர் கட்டளை கொடுத்துத்தான் எழுப்ப வேண்டும். ஃப்ளாட்பேக்கில் அறுந்தால் பழையது பழையபடி ஓடுகிறது.

ஆனால் என் ஸ்கேனருக்கு அது உதவவில்லை. டிரைவர் சிஸ்டத்தின் அடியில் உட்கார வேண்டிய சாமான். ஃப்ளாட்பேக் மேலே ஓடும் செயலிகளுக்கானது.

என்னைத் திருப்பியது நெட். ஐப்பசி, கார்த்திகை மழையில் கேபிள் லைன் அறுந்தால் போன் ஹாட்ஸ்பாட்தான் கதி. அந்த நாளில் ஃப்ளாட்பேக்கில் ஒரு சின்னச் செயலி கேட்டாலும் முதலில் ரன்டைம் சில நூறு எம்பி இறங்கும். அடுத்த செயலி கேடிஇ (ஒரு டெஸ்க்டாப் சூழல்) வகை என்றால் அதற்கு வேறு ரன்டைம். ஒரே ரன்டைமின் இரண்டு வெர்ஷன் பக்கத்தில் பக்கத்தில் கிடந்ததையும் பார்த்தேன். யாரும் பயன்படுத்தாததை நீக்கு என்று பெரும்பாலும் நாமாகச் சொன்னால்தான் போகும். மற்ற கணினிக்கும் வேண்டுமென்றால் மறுபடி அவ்வளவும் இறங்க வேண்டும். பென் டிரைவில் எடுத்துப் போடும் வழி அதிலும் உண்டு, நான் முயன்று பார்த்ததில்லை. ஆப்ட்டில் ஒரு கணினியில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி (இறங்கியதைச் சேமித்துப் பங்கிடும் மென்பொருள்) போட்டு, மற்ற இரண்டையும் அதன் 3142-ஆம் போர்ட்டுக்குத் திருப்பிவிட்டேன். ஒரு தடவை இறங்கியதையே மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன.

அதோடு, ஆப்ட் முறைத்தாலும் எது குறைகிறது என்று பேர் சொல்லி முறைக்கும். கோப்பின் பெயர் மட்டும் தெரிந்தால் அது எந்தப் பேக்கேஜில் என்று தேட ஆப்ட்-ஃபைல், எந்தக் களஞ்சியத்திலிருந்து எந்த வெர்ஷன் வருகிறது என்று பார்க்க ஆப்ட் பாலிசி, எந்தப் பேக்கேஜையாவது புதுப்பிக்க விடாமல் யாராவது பிடித்து நிறுத்தியிருக்கிறார்களா என்று பார்க்க ஷோ-ஹோல்ட். நான் பார்த்த சிக்கல்களில் பாதிக்கு மேல், யாரோ சேர்த்துவிட்டுப் போன வேற்று வெர்ஷன் களஞ்சியத்தால் வந்தவை. ஃப்ளாட்பேக்கில் ரன்டைம் காலாவதி என்று எச்சரிக்கை வந்தால், செயலியைச் செய்தவர் புதுப்பிக்கும்வரை நான் காத்திருக்க வேண்டியதுதான்.

ஒரே கோப்பாக வரும் ஆப்இமேஜ் செயலிகள் பற்றி ஒரு வரி: எல்லாம் உள்ளேயே இருக்கிறது என்று சொல்லி வந்த கோப்பு, முதல் சொடுக்கிலேயே லிப்ஃப்யூஸ்2 என்ற வெளி நூலகத்தைக் கேட்டது. சிரிப்பு வந்துவிட்டது. ஃப்ளாட்பேக் போன்ற ஸ்னாப்பை ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டவில்லை, ஃபெடோரா லினக்ஸில் ஆப்ட்டுக்குப் பதிலாக இருக்கும் டிஎன்எஃப் பக்கம் போனதே இல்லை, இரண்டையும் விட்டுவிடுகிறேன்.

ஸ்கேனருக்குக் கடைசியில் டெபியன் 11-இன் லிப்டிஃப்5-ஐ எடுத்தேன். அது லிப்வெப்6 என்ற இன்னொரு நூலகத்தைக் கேட்டது. 12-இல் இருப்பது லிப்வெப்7. ஆக இரண்டு பழைய கோப்புகளையும் கையால் இறக்கி, டிரைவரோடு சேர்த்து ஆப்ட் இன்ஸ்டாலில் கொடுத்தேன், ஏறியது. எண் வேறு என்பதால் புதியவற்றோடு அவை மோதவில்லை. ஆனால் டெபியன் 12-இன் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் அந்த இரண்டுக்கும் வராது. அதனால் ஸ்கேனர் இருக்கிற ஒரு கணினியில் மட்டும் வைத்திருக்கிறேன், பெயர்களைச் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டியிருக்கிறேன். கம்பெனி புது டெப் வெளியிட்டிருக்கிறதா என்று போன வாரமும் பார்த்தேன். இல்லை.