பட்டியலா, பதிவா? மோல்மேன் தமிழுக்கு இலக்கணம் எழுதிய கதை

பர்மாவின் மோல்மேனில் எங்கள் பெரியவர்கள் பேசும் தமிழுக்குச் சின்னதாக ஒரு விளக்க இலக்கணம் (எப்படிப் பேச வேண்டும் என்றில்லாமல், பேசுவதை உள்ளபடி விளக்குவது) எழுத உட்கார்ந்தபோது இரண்டு வழி இருந்தது. வாக்கியங்களைப் பட்டியல் போட்டு, ‘இதை எப்படிச் சொல்வீங்க?’ என்று கேட்பது ஒன்று. பேசவிட்டுப் பதிவு செய்து எழுதியெடுப்பது இன்னொன்று.

வேகம் பட்டியலுக்குத்தான். இரண்டே மாலையில் வேற்றுமை, காலம், எண் எல்லாம் நோட்டில் ஏறிவிட்டன. பதிவிலோ பத்து நிமிடப் பேச்சுக்கு ஒரு ஞாயிறு முழுவதும் போகும். இருந்தும் நான் பதிவின் பக்கம்தான்.

காரணம் நம் இரட்டை வழக்கு: எழுத்துக்கு ஒரு தமிழ், பேச்சுக்கு ஒரு தமிழ். கேள்வி கேட்டதும் பக்கத்து வீட்டுப் பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்து, ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்றார். பேரன் கூப்பிட்டதும், ‘வந்துக்கிட்டுதான்டா இருக்கேன்!’ நோட்டில் ஏறியது முதலாவது. அது கோயில் வகுப்பில் படித்த தமிழ். சரி, பர்மிய மொழியில் கேட்போம் என்றால், ‘தூ லா தெ’ என்பதில் அவனும் அவளும் ஒன்று, நேற்று வந்ததும் தினமும் வருவதும் ஒன்று. ‘யாரு தம்பி? நேத்தா, தினமுமா?’ என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அப்புறம் இந்த ‘ஆம்’. 1942இல் ஜப்பான் படை வந்தபோது ஜனங்கள் இந்தியாவுக்கு நடந்தே போனதை, பாட்டி தன் அம்மா சொல்லக் கேட்டபடி சொன்னார்: ‘அரிசிய முடிஞ்சுக்கிட்டுக் கெளம்பிட்டாங்களாம். எங்கம்மா மட்டும் நின்னுட்டாங்களாம், மாசமா இருந்தாங்களாம். நான்தானாம் வயித்துல!’ பிறர் சொல்லக் கேட்டது என்று காட்டும் இந்த ‘ஆம்’, என் பட்டியலின் 140 வாக்கியங்களில் ஒன்றில்கூட இல்லை. கதையில் வரிக்கு வரி வருகிறது. அதைவிட, தானே கண்ணால் பார்த்த காலத்துக்குக் கதை வந்ததும் அந்த ‘ஆம்’ சட்டென்று நின்றுவிட்டது. அது நிற்கும் இடத்தை எந்தக் கேள்வி போட்டு வாங்குவது?

பட்டியலைத் தூக்கிப் போடவில்லை. ‘வந்திருந்தா’ போன்ற, நடக்காததைச் சொல்லும் வடிவங்கள் மூன்று மணி நேரப் பதிவில் ஒரே ஒருமுறைதான் வந்தன. எதைச் சொல்லவே முடியாது என்பதும் கேட்டு, முகம் சுளிப்பதைப் பார்த்தால்தான் தெரியும்.

நான் பதிவு செய்தது மூன்று பேரை, எல்லோரும் எழுபது தாண்டியவர்கள். பர்மியப் பள்ளியில் படித்த பிள்ளைகளின் தமிழுக்கு இதே முறை சரிவருமா என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

இப்போது ஒவ்வொரு எடுத்துக்காட்டுக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து போடுகிறேன்: பேச்சில் தானாக வந்ததற்கு ‘ப’, கேட்டு வாங்கியதற்கு ‘கே’. ‘கே’யை மட்டும் நம்பி எழுதிய விதிகள், யார் பேச்சிலாவது காதில் விழும்வரை பென்சிலில்தான் இருக்கின்றன.