அனோலிஸ்: ஒரே பேரினமா, எட்டுப் பேரினங்களா?

அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளிலும் கரீபியத் தீவுகளிலும் பரவியுள்ள அனோல் பல்லிகளில் ஏறத்தாழ 400 சிற்றினங்கள் உள்ளன. அவை அனைத்தையும், 1802இல் பெயரிடப்பட்ட அனோலிஸ் என்னும் ஒரே பேரினத்தில் வைப்பதா, அல்லது 2012இல் நிக்கல்சன் குழுவினர் முன்மொழிந்தபடி எட்டாகப் பிரிப்பதா என்பதில் வகைப்பாட்டாளர்கள் இன்றும் வேறுபடுகிறார்கள்.

பிரிவினையின் வேர் வால் எலும்பில் இருக்கிறது. சில அனோல்களின் அறுந்துவிழும் வால் முள்ளெலும்புகளில் பக்கநீட்சிகள் உண்டு, மற்றவற்றில் இல்லை என்பதை 1950களின் இறுதியில் ஆய்வாளர் எதரிட்ஜ் கண்டறிந்தார். பக்கநீட்சி உள்ளவற்றின் கிளையே, எட்டுப் பேரினங்களுள் ஒன்றான நோரோப்ஸ். ஆனால் இக்கிளை மரபுமரத்தின் உள்ளே ஆழத்தில் அமைந்திருப்பதால், அதை மட்டும் தனிப் பேரினமாக்கினால் எஞ்சியவை ஒரு மூதாதையின் வழித்தோன்றல்களுள் சிலரை விட்டுவிட்ட அரைகுறைத் தொகுதியாகிவிடும். அத்தகைய தொகுதியை இன்றைய வகைப்பாடு ஏற்பதில்லை என்பதால், நோரோப்ஸைப் பிரிப்பவர் மற்றக் கிளைகளையும் பிரித்தே ஆக வேண்டும்; எட்டு என்ற எண்ணிக்கைக்குப் பின்னால் இந்தக் கட்டாயமும் இருக்கிறது.

எட்டின் பக்கமும் வலுவான நியாயம் உண்டு. கியூபாவிலும் ஜமைக்காவிலும் மெல்லிய மரக்கிளைகளில் வாழும் அனோல்கள், குட்டைக் கால்களாலும் ஒடுங்கிய உடலாலும் உடன்பிறப்புகளைப் போலத் தோன்றினாலும், அவ்வடிவத்தைத் தனித்தனியே பெற்றவை என்பதை 1998இல் வெளியான டிஎன்ஏ ஆய்வு காட்டியது. பிரித்த வகைப்பாட்டில் ஜமைக்கா இனம் நோரோப்ஸாகவும் கியூபா இனம் அனோலிஸாகவும் நிற்பதால், தோற்றம் மறைக்கும் வம்சத்தைப் பெயரே சொல்லிவிடுகிறது. இது சிறிய நன்மை அன்று.

ஆயினும் ஒரே பேரினமே சரியென்று நான் கருதுகிறேன். அனோல்கள் அனைத்தும் ஒரே மூதாதையின் முழுமையான வழித்தோன்றல்கள் என்பதில் இரு தரப்புக்கும் வேறுபாடில்லை. அப்படியிருக்க, உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் அனோலிஸ் சாக்ரேய் என்று அறியப்பட்ட பழுப்பு அனோலை நோரோப்ஸ் சாக்ரேய் ஆக்குவதால் பல பத்தாண்டு ஆய்வு இலக்கியத்தின் தொடர்ச்சி அறுபடுகிறது. மேலும், பேரினத்தின் பெயர் சிற்றினப் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதால், உட்கிளைகளின் எல்லை புதிய தரவால் மாறும்போதெல்லாம் பல்லிகளின் பெயர்களும் மாற நேரும்.

2017இல் போ குழுவினர் அனோலிஸை அப்படியே வைத்துக்கொண்டு, டாக்டிலோவா (எட்டுள் இன்னொன்று), நோரோப்ஸ் போன்றவற்றை அதனுள் அடங்கும் கிளைப்பெயர்களாக வரையறுத்தது இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. பெருநிலத்திலிருந்து தீவுகளுக்குச் சென்ற மரபிலிருந்து ஒரு கிளை மீண்டும் பெருநிலம் திரும்பி, அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களாகப் பெருகிய வியத்தகு வரலாற்றைச் சொல்ல நோரோப்ஸ் என்ற பெயர் தேவைதான். அதற்குப் பேரினத் தகுதி தேவையில்லை.