வாரண்டியே தராத ரூகர், ஆயுளுக்கும் தருகிற டாரஸ்: துப்பாக்கி ரிப்பேரில் யாரை நம்பலாம்?

புதிதாக ஒரு ரூகர் துப்பாக்கியை வாங்கிப் பெட்டியைப் பிரித்தால் உள்ளே வாரண்டி கார்டு இருக்காது. மறந்துபோய் விட்டதில்லை, வேண்டுமென்றேதான் வைப்பதில்லை. அமெரிக்காவில் 1975-ல் வந்த மேக்னஸன்-மாஸ் சட்டப்படி, வாரண்டி தந்தே ஆகவேண்டும் என்று எந்தக் கம்பெனிக்கும் கட்டாயம் இல்லை, ஆனால் எழுத்தில் ஒன்றைத் தந்துவிட்டால் அதை எப்படி எழுத வேண்டும், எதை மறைக்கக் கூடாது என்று வரிசையாக விதிகள் வந்துவிடும். அந்த வம்பே வேண்டாம் என்று ரூகர் எழுத்து வாரண்டியையே விட்டுவிட்டது, காரணத்தையும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. அதே கடையில் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் டாரஸுக்கு லைஃப்டைம் வாரண்டி உண்டு. கார்டைப் பார்த்து வாங்குகிறவர் எதை எடுப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ரிப்பேருக்கு அனுப்பி வாங்கியவர்கள் சொல்வதைக் கேட்டால் கதை கிட்டத்தட்ட தலைகீழ்.

நம்மூரில் லைசென்ஸ் துப்பாக்கி என்றால் தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வரும் சமாச்சாரம். அமெரிக்காவில் கம்பெனிக்கே நேராக பார்சல் அனுப்பலாம், சரிசெய்த துப்பாக்கி வீட்டு வாசலுக்கே திரும்பி வரலாம், நடுவில் டீலர் வேண்டாம், மத்தியச் சட்டமே அதற்கு வழி விட்டிருக்கிறது. சிக்கல் அனுப்புவதில்தான். கைத்துப்பாக்கியைத் தனிநபர் தபாலில் அனுப்பக் கூடாது என்று 1927-லேயே சட்டம் போட்டார்கள். சரி, கூரியரில் போடலாம் என்றால் பெரிய கூரியர் கம்பெனிகளும் சில வருடங்களுக்கு முன்பு கதவைச் சாத்திக்கொண்டு, துப்பாக்கித் தொழில் உரிமம் உள்ளவர்களிடம் மட்டுமே துப்பாக்கிப் பார்சல் வாங்குவோம் என்றுவிட்டன. ஆகவே கம்பெனியே பணம் கட்டிய ஷிப்பிங் லேபிளை ஈமெயிலில் அனுப்புகிறதா என்பதுதான் நான் பார்க்கும் முதல் விஷயம். வாரண்டியில் என்ன எழுதியிருக்கிறது என்பதெல்லாம் அப்புறம். ரூகர், இன்னொரு அமெரிக்கக் கம்பெனியான ஸ்மித் அண்ட் வெஸன் இரண்டிலும் போன் செய்து விவரம் சொன்னதும் லேபிள் வந்துவிட்டது என்றே பெரும்பாலானவர்கள் சொல்கிறார்கள். டாரஸில், அனுப்பும் செலவு என் தலையில், திரும்பி வர மாதக்கணக்கு என்பது பல வருடமாகக் கேட்கும் புலம்பல்.

ரூகரின் மேல் எனக்கு மரியாதை வந்தது அவர்களுடைய பழைய ரிவால்வர் விஷயத்தில். 1953-லிருந்து 1972 வரை வந்த சிங்கிள்-சிக்ஸ், பிளாக்ஹாக் வகையறாக்கள் கௌபாய் காலத்து அமைப்பு கொண்டவை. சுத்தியல் கீழே இறங்கியிருக்கும்போது அதற்கு நேரே ஒரு தோட்டா இருந்து, துப்பாக்கி கைதவறி விழுந்து சுத்தியலில் அடிபட்டால் வெடித்துவிடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ஆறு அறையில் ஐந்தை மட்டும் நிரப்பி, காலி அறையின் மேல் சுத்தியலை இறக்கி வைப்பார்கள். 1973-ல் வந்த புது மாடலில் சுத்தியலுக்கும் தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசிக்கும் நடுவே டிரான்ஸ்ஃபர் பார் என்று ஒரு சின்ன இரும்புத் தகடு வைத்தார்கள்: டிரிகரை முழுதாக இழுத்தால்தான் தகடு மேலே ஏறி அடியை ஊசிக்குக் கடத்தும், இல்லாவிட்டால் சுத்தியல் அடித்தாலும் ஊசியைத் தொடாது. பிறகு பழைய மாடல் வைத்திருப்பவர்களுக்கும் அதே பாதுகாப்பை இலவசமாகப் பொருத்தித் தருகிறோம் என்று அறிவித்தார்கள். துப்பாக்கிக்கு அரை நூற்றாண்டு வயதாகியிருக்கலாம், கைமாறி ஐந்தாவது ஆளிடம் வந்திருக்கலாம், ரசீதும் கேட்பதில்லை.

இதில் எனக்குப் பிடித்தது, கழற்றிய பழைய பாகங்களை ஒரு பையில் போட்டுத் துப்பாக்கியோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். சேகரிப்பாளர்களுக்கு அந்தப் பை பெரிய விஷயம், பை இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை. குறை இல்லாமல் இல்லை. மாற்றிய பிறகு டிரிகர் பழைய மாதிரி கண்ணாடி முறிவது போலச் சட்டென்று விடுவதில்லை, இழுவையாகிவிட்டது என்று அலுத்துக்கொள்கிறவர்கள் நிறைய. அப்படிப்பட்டவர்கள் மாற்றாமலே வைத்துக்கொண்டு ஐந்து தோட்டாதான் போடுகிறார்கள்.

தப்பைத் தானே ஒப்புக்கொள்வதிலும் ரூகர் பரவாயில்லை. 2017 ஜூனில் மார்க் ஃபோர் பிஸ்டலுக்கு ரீகால், அதாவது விற்றதைத் திரும்ப வரவழைத்துச் சரிசெய்வதாக, அறிவித்தார்கள். தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டி பாதியில் நிற்கும்போது டிரிகரை இழுத்தால் வெடிக்காமல் போகலாம், பிறகு சேஃப்டியை முழுதாகத் தள்ளும்போது வெடித்துவிடலாம் என்று காரணத்தையும் உடைத்துச் சொன்னார்கள். அந்த மாடல் கடைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. 2008-ல் எஸ்ஆர்9, எல்சிபி பிஸ்டல்கள் இரண்டையும் இதேபோல் திரும்ப வாங்கினார்கள். இத்தனை ரீகாலா, அப்படியானால் தயாரிப்பில் கோட்டைவிடுகிறார்கள் என்றுதானே அர்த்தம் என்று கேட்டால் நியாயமான கேள்விதான், என்னிடம் மறுப்பு இல்லை.

எதிர்ப்பக்கம் டாரஸ். பிரேசில் கம்பெனி, அமெரிக்கப் பிரிவு மயாமியில் இருந்து 2019-ல் ஜார்ஜியா மாநிலத்துக்கு மாறியது. ரொம்ப காலம் அவர்களுடைய விளம்பரமே ஆயுள்கால ரிப்பேர்தான், அதுவும் யார் கையில் இருந்தாலும் துப்பாக்கிக்கு உண்டு என்று. கேட்க நன்றாகத்தான் இருந்தது. 2013-ல் ஐயோவா மாநிலத்தில் ஒரு டெபுடி ஷெரிஃப், நம்மூர்ப் போலீஸ்காரர் மாதிரி, ஒருவனைத் துரத்திக்கொண்டு ஓடும்போது அவருடைய டாரஸ் பிஸ்டல் கீழே விழுந்து வெடித்தது. அவர் தொடுத்த வழக்கு பெரிதாகி, ஒன்பது மாடல்கள், ஏறத்தாழ பத்து லட்சம் பிஸ்டல்கள் என்று வளர்ந்து, 2015-ல் சமரசத்துக்கு வந்தது. கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் பிஸ்டலைத் திருப்பித் தருகிறவர்களுக்குப் பணம் தரச் சம்மதித்தது. ஆயுள் முழுக்க ரிப்பேர் செய்வோம் என்ற கம்பெனியிடமிருந்து அடிப்படைக் கோளாறுக்குத் தீர்வு வாங்க வக்கீல் வைக்க வேண்டியிருந்தது. இப்போது கொஞ்சம் திருந்தியிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன், 2023-ல் ஜிஎக்ஸ்4 பிஸ்டலுக்கு அவர்களே எச்சரிக்கை வெளியிட்டுத் திரும்ப வாங்கினார்கள். விலையும் குறைவு. ஆனாலும் வாரண்டியை நம்பி டாரஸ் வாங்காதீர்கள், விலைக்காக வாங்குவதானால் வாங்குங்கள்.

ஸ்மித் அண்ட் வெஸன் நடுவில் நிற்கிறது. ஆயுள்கால சேவை உண்டு, ஆனால் முதலில் வாங்கியவருக்கு. பழைய ரிவால்வரை இரண்டாவது கையாக வாங்கி அனுப்பினால் சில பேருக்கு இலவசமாகச் செய்து தந்திருக்கிறார்கள், சில பேருக்குப் பில் வந்திருக்கிறது, இன்னும் பழசானால் பாகமே இல்லை என்று அப்படியே திரும்பியும் வந்திருக்கிறது. 2023-ல் தலைமையகத்தை மாசசூசெட்ஸில் இருந்து டென்னசிக்கு மாற்றினாலும் ரிவால்வர் வேலையைப் பழைய ஊரான ஸ்பிரிங்ஃபீல்டிலேயே வைத்துக்கொண்டார்கள். நல்ல முடிவு, தோட்டா அறை ஒவ்வொன்றும் குழலுக்கு நேராக வந்து நிற்கும்படி செய்கிற சிலிண்டர் டைமிங் மாதிரி வேலையெல்லாம் கைப்பழக்கம் உள்ளவர்கள் செய்ய வேண்டியது.

க்ளாக் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எழுத்தில் ஒரு வருடம்தான், ஆனால் பாகங்கள் எங்கும் கிடைக்கும், ஆர்மரர் எனப்படும், துப்பாக்கி பராமரிப்பில் பயிற்சி பெற்ற எந்த ஆளும் மேஜையில் வைத்தே மாற்றிவிடுவார். அவர்களுடைய ஜிஎஸ்எஸ்எஃப் என்ற துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போனால் கம்பெனி ஆளே அங்கே உட்கார்ந்து தேய்ந்த பாகத்தைக் காசு வாங்காமல் மாற்றித் தருவார். ரூகரில் இந்த வசதி குறைவு, சில பாகங்களை வெளியே விற்கவே மாட்டார்கள், தொழிற்சாலையில்தான் பொருத்துவோம் என்பார்கள். வீட்டில் தானே கழற்றி மாட்ட ஆசைப்படுகிறவருக்கு அது எரிச்சல்.

ரெமிங்டனையும் விடக் கூடாது. 700 ரைஃபிளின் வாக்கர் என்ற பழைய டிரிகர் அமைப்பு தானாக வெடிக்கிறது என்ற வழக்கில், சுமார் 75 லட்சம் துப்பாக்கிகளுக்கு டிரிகர் மாற்றித் தரும் சமரசம் வந்தது, விண்ணப்பித்தவர்களோ சொற்பம். அதற்குள் கம்பெனி 2018-லும் 2020-லும் திவாலாகி, துண்டு துண்டாக ஏலம் போனது. துப்பாக்கித் தொழிலை வாங்கிய புதுக் கம்பெனி பழைய துப்பாக்கிகளின் வாரண்டிக்குப் பொறுப்பேற்கவில்லை. ஆயுள்கால வாரண்டி என்றால் கம்பெனியின் ஆயுளையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

எந்தக் கம்பெனியாக இருந்தாலும் பொதுவான புகார் ஒன்று உண்டு. மூன்று வாரம் கழித்துத் துப்பாக்கி திரும்பி வரும், கூட ஒரு சீட்டு: பரிசோதித்தோம், சுட்டுப் பார்த்தோம், அளவுகள் சரி. சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போனால் அதே கோளாறு. பல நேரம் காரணம் தோட்டாவில் இருக்கும். அங்கே அவர்கள் கடைத் தோட்டாவில் சில ரவுண்டு சுடுகிறார்கள், நீங்கள் வீட்டில் மருந்து நிரப்பிய தோட்டாவை நூறு ரவுண்டு ஓட்டுகிறீர்கள், அதைச் சொன்னால் வாரண்டியே கிடையாது என்பார்கள். ஆகவே கடைத் தோட்டாவில் கோளாறு வருகிறதா என்று முதலில் பாருங்கள், எந்தத் தோட்டா, எத்தனையாவது ரவுண்டில், எப்படிச் சிக்கியது என்று ஒரு தாளில் எழுதி, வீடியோ இருந்தால் அதையும் அனுப்புங்கள். வெளியில் வாங்கி மாட்டிய ஸ்பிரிங், டிரிகர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பழையதைப் போட்டு அனுப்புங்கள், இல்லாவிட்டால் அவர்களே மாற்றிவிட்டுப் பில் போடக்கூடும். சரிசெய்ய முடியாது, வேறு புதுத் துப்பாக்கி தருகிறோம் என்று போன் வந்தால் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். அப்பா வாங்கியதோ, இப்போது தயாரிப்பில் இல்லாத மாடலோ என்றால் அப்படியே திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டு, துப்பாக்கி ரிப்பேர் செய்யும் நல்ல கன்ஸ்மித் ஒருவரிடம் காட்டிப் பாருங்கள்.