‘ஆண்டிபயாடிக் இல்லாத நாய் மருந்து’: பாசார் மாலாமில் விற்கும் பச்சைப் போத்தலை வாங்காதீர்கள்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நாய் வளர்ப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தெரிந்தவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள். பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், மேசை போட்டு, நாய்களின் தோல் புண்ணுக்கு “ஆண்டிபயாடிக்கே தேவையில்லை, முழுக்க இயற்கை” என்று பச்சைப் போத்தலில் ஓர் எண்ணெய் விற்கிறார்கள். ஒரு போத்தல் 90 வெள்ளி. அதைத் தடவிய இரவு எங்கள் கறுப்பன் பிழைப்பானா என்றே தெரியவில்லை.

கறுப்பனுக்கு வயிற்றிலும் தொடை இடுக்கிலும் சின்னச் சின்ன சீழ்க் கொப்புளங்கள். உடைந்த இடமெல்லாம் ஓரம் உரிந்து வட்ட வட்டமாக நின்றது. வாலுக்கு மேலே முடி கொட்டிவிட்டது. ராத்திரி முழுக்கச் சொறிவான், அம்மாவுக்கும் தூக்கம் கிடையாது.

விற்றவர் வெள்ளை அங்கி போட்டிருந்தார். கூட நின்ற பையன் அவரை “டாக்டர்” என்றுதான் கூப்பிட்டான். நாயைக் கொண்டுவரச் சொல்லவில்லை, கைப்பேசியில் இருந்த படத்தைப் பார்த்ததோடு சரி. “அம்மா, கிளினிக்குப் போனா ஊசியப் போட்டு ஆண்டிபயாடிக் குடுப்பாங்க, நாய்க்கு ஈரல் போயிடும். இதத் தடவுங்க, ஒரே வாரத்துல முடி மொளைக்கும்” என்றார். ஈரல் என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா பயந்துவிட்டார். அந்தப் பயத்தைப் பார்த்ததும், ரெண்டு போத்தல் போட்டால்தான் முழுப் பலன் என்று 180 வெள்ளி வாங்கிக்கொண்டார். ரசீது கேட்டோம், புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்புகிறேன் என்றார். வரவே இல்லை.

தடவிய சில மணி நேரத்திலேயே கறுப்பனுக்கு எச்சில் ஒழுக ஆரம்பித்தது. எழுந்து நின்றால் பின்னங்கால் மடங்கியது. உடம்பெல்லாம் நடுக்கம், காதைத் தொட்டால் சில்லென்று இருந்தது. விற்றவரைக் கூப்பிட்டோம். “உள்ள இருக்குற விஷம் வெளியாகுது, நல்லதுதான். இன்னொரு தடவை தடவுங்க” என்றார். துவண்டு கிடக்கும் நாய்க்கு அதையே மறுபடியும் தடவச் சொன்னாரே, அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அடுத்த அழைப்புக்குள் எங்கள் எண்ணைத் தடுத்துவிட்டார்.

ஈப்போவில் இரவிலும் போன் எடுக்கிற ஒரு கால்நடை மருத்துவர் கிடைத்தார். தட்டு கழுவும் சோப்பைப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் எண்ணெயை முழுக்கக் கழுவுங்கள், துண்டால் சுற்றிக் கதகதப்பாக வைத்துக் கொண்டுவாருங்கள், நக்க விடாதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள் என்றார். அப்படியே செய்தோம். கறுப்பன் பிழைத்தான்.

போத்தல் மூடியை முகர்ந்து பார்த்த டாக்டர், டீ ட்ரீ எண்ணெயின் வாடை அடிக்கிறது என்றார். லேபிளில் என்ன கலந்திருக்கிறது, எவ்வளவு கலந்திருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. டீ ட்ரீ எண்ணெய் நாயின் தோல் வழியாகவே உள்ளே போய்விடும், நக்கினால் வாய் வழியாகவும் போகும். எச்சில் ஒழுகுவது, தள்ளாடுவது, பின்னங்கால் பலமிழப்பது, நடுங்குவது, உடம்பு குளிர்வது எல்லாம் அந்த எண்ணெயின் நச்சுக்குத் தெரிந்த அறிகுறிகள்தான். மனிதர்கள் பருவுக்குத் தடவுகிறார்களே என்று நாய்க்குத் தடவக் கூடாது.

கறுப்பன் தேறிய பிறகு டாக்டர் தோலைப் பரிசோதித்தார். ஒரு கொப்புளத்தை மெல்ல உடைத்து அதன்மேல் கண்ணாடித் துண்டை ஒற்றி எடுத்து, சாயத்தில் முக்கி, நுண்ணோக்கியில் எங்களையும் பார்க்கச் சொன்னார். கருநீலப் புள்ளிகள் கொத்துக் கொத்தாகத் தெரிந்தன. ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி. நல்ல நாயின் தோலிலும் அது இருக்குமாம், தோல் கெடும்போதுதான் பெருகுமாம். எது கெடுத்தது என்று பார்க்க, வாலடியில் பேன் சீப்பால் வாரி, விழுந்த கறுப்புத் துகளை நனைத்த டிஷ்யூவில் தட்டினார். துகளைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கறை பரவியது. தெள்ளுப்பூச்சியின் எச்சம் அது, உள்ளே இருப்பது தெள்ளு குடித்த நாயின் ரத்தம். தெள்ளுக்கடி ஒவ்வாமையால் அரிப்பு, சொறிந்து சொறிந்து தோல் கெட்டு, அப்புறம் கிருமி.

ஆண்டிபயாடிக் கொடுத்துவிடுவார்கள் என்று விற்றவர் பயமுறுத்தினாரே, டாக்டர் அதைக் கொடுக்கவே இல்லை. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி 4 சதவீதம் உள்ள ஷாம்பு, தெள்ளுக்கு மாத்திரை, அவ்வளவுதான். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை குளிப்பாட்ட வேண்டும். நுரையைப் போட்டுப் பத்து நிமிடம் அப்படியே விட வேண்டும், உடனே கழுவினால் வேலை செய்யாது. கண்ணிலும் காதிலும் படக் கூடாது. புண் மேல்தோலோடு நிற்கும்போது பல நாய்களுக்கு இதுவே போதும் என்றார். கறுப்பனுக்குப் போதுமாகத்தான் இருந்தது. ஷாம்பு அந்த எண்ணெயைவிட விலை குறைவு.

அதற்காக ஆண்டிபயாடிக்கே கூடாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். புண் ஆழமாகி ரத்தமும் சீழும் வடிந்தால், நாய்க்குக் காய்ச்சல் வந்தால், மாத்திரை தேவைப்படும். அப்போதுகூட எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று, கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனை செய்து கொடுப்பதுதான் நல்லது. ஏனென்றால் பல மருந்துக்கும் அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் நாய்களிடம் இப்போது இருக்கிறது. வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது அதை இன்னும் வளர்த்துவிடும். மஞ்சளையும் வேப்பிலையையும் நான் பழிக்கவில்லை, ஆனால் சீழ்க் கொப்புளத்துக்கு அவற்றை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். தோட்டத்தில் சொறி நாய்க்குப் பழைய எஞ்சின் எண்ணெய் பூசுவார்கள், டெட்டோல் ஊற்றிக் குளிப்பாட்டுவார்கள். ரெண்டும் நாய்க்கு விஷம்.

மலேசியாவில் கால்நடை மருத்துவம் பார்ப்பவர் 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிந்திருக்க வேண்டும். யாராவது அங்கியோடு வந்தால் பதிவைக் கேளுங்கள். நோய் தீர்க்கும் மருந்து என்று விற்றால் போத்தலில் ‘எம்ஏஎல்’ (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுடையதில் இல்லை.

நாங்கள் கியூஆர் மூலம் கட்டியதால் பணம் போன கணக்கின் பெயர் கைப்பேசியில் இருக்கிறது. அதை வைத்துப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் புகார் கொடுக்கிறோம். கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் வேண்டாம். நீங்களும் வாங்கியிருந்தால் பணம் கட்டிய விவரத்தையும் போத்தலையும் பத்திரமாக வைத்திருங்கள். ஏற்கனவே தடவிவிட்டீர்கள் என்றால், நாய் நன்றாக நடமாடினாலும் உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கால்நடை மருத்துவருக்குப் போன் செய்யுங்கள்.