தடிமன் பிடித்த பிள்ளைக்கு: சேலைன் துளியா, ஆவியா?

மழை தொடங்கினால் வெள்ளவத்தைப் பக்கம் அம்மாமார் கேட்கும் கேள்வி இது. ஒன்றரை, இரண்டு வயசுப் பிள்ளைக்கு மூக்கடைத்தால் எது நல்லது?

செலவு: ஆவிக்குச் சுடுதண்ணி போதும். சேலைன் துளியை ஃபார்மசியில் வாங்கவேண்டும்.

பாதுகாப்பு: பெரிய வித்தியாசமே இதில்தான். துள்ளுகிற பிள்ளையை மடியில் வைத்து, கொதிதண்ணிச் சட்டிக்கு மேலே துவாயால் மூடுவது வேண்டவே வேண்டாம். ஒரு கை தட்டுப்பட்டால் தோல் வெந்துவிடும். சேலைன் வெறும் 0.9 வீத உப்புநீர்.

இலகு: துளிக்குப் பிள்ளை அழும், உண்மைதான். மல்லாக்கப் படுக்கவைத்து ஒவ்வொரு மூக்குத் துவாரத்திலும் இரண்டு மூன்று துளி விடுங்கள். ஒரு நிமிஷம் பொறுத்து, இளகிய சளியை ரப்பர் பல்பால் மெல்ல உறிஞ்சுங்கள். சாப்பாட்டுக்கும் நித்திரைக்கும் முன்னர் செய்தால் பிள்ளை நிம்மதியாகக் குடிக்கும், தூங்கும்.

என் தெரிவு சேலைன்தான். ஆவி பெரியவர்களுக்கு இருக்கட்டும். இரண்டு வயசுக்குக் கீழே கற்பூரத் தைலமும் பூசவேண்டாம்.

மூச்சு வேகமாகி விலா உள்ளிழுத்தால் இரண்டையும் விட்டுவிட்டு உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.